15100 இலவசச் சட்ட உதவி: ஒரு காஸ்ட்யூம் தையல்காரியின் அனுபவம்

சம்பள பாக்கிக்காக 15100-க்கு போன் செய்தேன். சினிமா, சீரியல் வேலையில் இருக்கும் பெண்களுக்கு இந்தச் சேவையைத் தைரியமாகச் சொல்வேன்.

ஒரு சீரியல் கம்பெனியில் 14 மாதம் காஸ்ட்யூம் தைத்தேன். மாதம் 18,000 என்று பேச்சு. கையெழுத்து வாங்கிய தாளில் ‘ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்’ என்று போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அவர்கள் இடத்தில், அவர்கள் மிஷினில் உட்கார வேண்டும். பிளவுஸ் சரியில்லை என்றால் அன்று ராத்திரியே பிரித்துத் தைக்க வேண்டும். 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) போக 16,200 வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது. கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டதற்கு, “நீங்க ஸ்டாஃப் இல்லையேம்மா” என்றார் மேனேஜர்.

போனில் விவரம் கேட்டுக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை.

தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை என்றார் அவர். மிஷின் யாருடையது, தைத்ததை வேண்டாமென்று திருப்பித் தரும் அதிகாரம் யாருக்கு என்றெல்லாம் கேட்டார். அப்புறம் 1973-இல் வந்த சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் தீர்ப்பைச் சொன்னார். அந்தக் கடைக்குத் தைத்தவர்கள் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிய தையல்காரர்கள், சிலர் துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைத்தவர்கள். ஆனாலும் மிஷின் கடையுடையது, சரியில்லாததைப் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமை முதலாளிக்கு இருந்தது. அதனால் அவர்கள் கடையின் தொழிலாளர்களே என்றது உச்ச நீதிமன்றம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் தொழிலுக்கு இதைச் சொல்லிவைத்திருக்கிறார்கள், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்ய நாமே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாதாம்.

நோட்டீஸ் போய் ஐந்தாவது வாரம் 32,400 கணக்கில் ஏறியது. பி.எஃப்., ஓவர்டைம் விஷயம் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு தடவை போகவும் அரை நாள் ஆகும், அதற்குத் தயாராகப் போங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட், 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிப் படிவம்), எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும் என்று ‘கால் டைம்’ சொல்லி வந்த வாட்ஸ்அப் மெசேஜ்கள் எல்லாம் எடுத்துப் போங்கள். நான் கோபத்தில் யூனிட் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வந்து மெசேஜ்களை அழித்துவிட்டேன். அயர்ன் போடும் அக்கா தன் போனிலிருந்து அனுப்பியதால்தான் பத்து மாதத்துக்காவது ஆதாரம் கிடைத்தது. மீதி நான்கு மாத ஓவர்டைமைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.