கடலோர ஊரில் நாணயமும் தங்கக் காசும்: ஆல்பம் முதல் லாக்கர் வரை என் நீண்டநாள் அனுபவம்

பழைய நாணயங்களையும் தங்கக் காசு, வெள்ளிக் கட்டியையும் ஒரே டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுபவர்கள்தான் அதிகம். இரண்டும் உலோகம்தானே என்ற எண்ணம். ஆனால் 10 கிராம் தங்கக் கட்டியின் மதிப்பு அதன் எடையிலும் தரத்திலும் இருக்கிறது. லேசாகக் கீறல் விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை. 1835-ஆம் வருஷத்து நான்காம் வில்லியம் ரூபாய் அப்படியல்ல. அதில் இருக்கும் வெள்ளிக்குத் தரும் விலையைப் போலப் பல மடங்கை அதன் மேற்பரப்புக்காகத்தான் சேகரிப்பாளர் கொடுக்கிறார். எனவே கட்டியைத் திருடனிடமிருந்து காக்க வேண்டும். நாணயத்தைக் காற்றிடமிருந்தும், அதைச் சுற்றி நாமே வைக்கும் பொருள்களிடமிருந்தும் காக்க வேண்டும். பல வருஷமாக இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பராமரித்து வருகிறேன். எங்கள் வீடு திருவான்மியூர் பக்கம், கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். இங்கே தாக்குப்பிடிக்கும் முறை வேறு எந்த ஊரிலும் தாக்குப்பிடிக்கும்.

முதலில் ஆல்பம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், தொட்டால் மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் பக்கங்கள் பெரும்பாலும் பிவிசி. அதை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் காலப்போக்கில் கசியும். பிளாஸ்டிக்கே மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வெளிவிடும். ஒரு பெரியவரின் தொகுப்பை அவர் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியபோது ஐந்தாம் ஜார்ஜ் காலணாக்கள் பக்கம் பக்கமாக அப்படிப்பட்ட ஆல்பத்தில் இருந்தன. ஒரு காலணாவை உறையிலிருந்து இழுத்தேன், எளிதில் வரவில்லை. வெளியே வந்ததும் விளிம்பைப் பிடித்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், ராஜாவின் தாடியிலும் எழுத்துகளின் இடுக்கிலும் பிசுபிசுப்பான பச்சைப் படலம். களிம்பு போல உலர்ந்திருக்கவில்லை, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. இதற்குத் தூய அசிட்டோன்தான் மருந்து. பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை ஊறவைத்து, தேய்க்காமல், வேறொரு கிண்ணத்துப் புது அசிட்டோனில் அலசி எடுத்தால் போதும். சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு எரியும் வீட்டுப் பகுதியில் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். படலம் போய்விடும். அதன் கீழே அமிலம் அரித்த குழி போகாது.

உறை எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. செம்புக் கம்பியின் நுனியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, அந்த பிளாஸ்டிக்கின் ஒரு துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பளிச்சென்று பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது, பிவிசிதான். புகையை முகராமல் மொட்டைமாடியில் செய்யுங்கள். டப்பா வகையென்றால் அடிப்பக்கம் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள்: 3 என்றால் பிவிசி, தொடவே வேண்டாம். 1 என்பது பாலியெஸ்டர் வகை, 5 என்பது பாலிபுரோப்பிலீன். இரண்டும் நாணயத்துக்குத் தீங்கு செய்யாதவை.

இப்போது நான் பயன்படுத்துவது இரண்டு வகை. சாதாரண நாணயங்களுக்கு மைலார் (மெல்லிய பாலியெஸ்டர் தாள்) ஜன்னல் வைத்த சதுர அட்டை. ஸ்டேப்ளர் பின் அடிக்கும் அட்டையை நம் ஊரில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓரிரு மழைக்காலத்திலேயே பின் துருப்பிடிக்கிறது, பக்கத்து நாணயத்தைக் கீறவும் செய்கிறது. ஓரத்தில் ஒட்டும் வகை நன்றாக உழைக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி ரூபாய்களுக்குக் கெட்டியான வட்டப் பிளாஸ்டிக் கேப்ஸ்யூல். பழைய ரூபாய் சுமார் 30.5 மில்லிமீட்டர் விட்டம். 31 அளவு வாங்கினால் ஆடாமல் உட்காரும். பெரிய கேப்ஸ்யூலில் போட்டு நாணயம் உள்ளே கிலுகிலுத்தால் ஒவ்வொரு அசைவிலும் விளிம்பு தேயும். கேப்ஸ்யூல் விலை அதிகம்தான். ஆனால் பார்க்கக் கேட்கும் விருந்தாளி கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி எல்லாம் கந்தகம் தருபவை. நகைக்கடையில் மடித்துத் தரும் ரோஸ் நிறத் தாளும் வெல்வெட் டப்பாவும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மட்டும்தான், வருஷக்கணக்கில் வைப்பதற்கு அல்ல. ஒரே பெட்டியில் இருக்கும் என் ரூபாய்களில் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை, அதாவது 91.7 சதவீத வெள்ளி, இன்னும் வெளிர் சாம்பலாகவே இருக்கின்றன. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதியில் பெரும்பங்கு செம்பு. அவை சீக்கிரம் மங்குகின்றன. அதனால் அவற்றுக்கு முதலில் கேப்ஸ்யூல் வாங்குங்கள் என்பேன்.

கறுத்துவிட்டதே என்று புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் ஒரு தேய்ப்பு போதும், அச்சின் மெல்லிய கோடுகள் போய்விடும்; ஏலத்தில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு விலை பாதியாகி நிற்கும். சீராகப் படிந்த கருமை நாணயத்தைக் காக்கவும் செய்கிறது. அப்படியே விடுங்கள். கையாளும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள், நாணயத்துக்கு மேலே குனிந்து பேசாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் சில மாதத்தில் கரும்புள்ளியாகத் தெரியும்.

ஈரப்பதம்தான் நம் ஊரின் பெரிய தலைவலி. அதற்கு நான் கண்ட மிகச் சிறந்த வழி மிகச் சாதாரணமானது: இறுக மூடும் பாலிபுரோப்பிலீன் சமையலறை டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மானி. வெளியே 75, 80 சதவீதம் என்று காட்டும் நாளிலும் உள்ளே 40-ஐ ஒட்டியே நிற்கிறது. நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் ரோஸ் ஆகும். அந்த நிறம் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருளால் வருவது. அதனால் ஆரஞ்சு நிற வகையையே வாங்குகிறேன். 120 டிகிரி அளவில் சூடாக்கினால் மறுபடி பழைய நிலைக்கு வரும். அதற்கென்று ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடுங்கள், அதில் சமைக்கக் கூடாது.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் காவிரிக் கரையிலும் கிடைத்த செம்புக் காசுகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காய்ந்த டப்பா உயிர்நாடி. மண்ணில் கிடந்தபோது ஏறிய குளோரைடு உள்ளேயே தங்கியிருக்கும். ஈரம் பட்டால் வெளிர்பச்சைத் தூள் பூக்கும், தட்டினால் உதிரும், குழி ஆழமாகும். அப்படிக் கண்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, 40-க்கும் கீழே உலர்ந்த டப்பாவில் வையுங்கள். வீட்டில் அமிலம் எதுவும் போட்டுப் பார்க்க வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதலே உலோகப் பொருள்களுக்கான வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது. இது எவ்வளவு பழைய, கவனமான வேலை என்பதற்கு அதுவே சாட்சி.

மரப்பெட்டி அழகுதான். ஆனால் மரம் மெல்ல அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். ஈயத்துக்கு அது விஷம். டேனியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் வெளியிட்ட ஈயக் காசுகளை ஒருவர் இழுப்பறையில் பார்த்திருக்கிறேன், மேலெல்லாம் வெள்ளைத் தூள். ஈயத்தை மரத்தருகே கொண்டுபோகவே கூடாது. தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

இனி பூட்டு. இரும்பு பீரோ நாணய டப்பாவுக்குப் போதும். தீப்பிடிக்காத பெட்டகம் வாங்கினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதன் சுவருக்குள் நிரப்பியிருக்கும் பொருளே ஈரத்தைத் தேக்கிவைத்துத்தான் தீயைத் தாங்குகிறது. அந்த ஈரம் சாதாரண நாளிலும் உள்ளே கசியும். ஆவணங்களுக்கும் கட்டிக்கும் சரி. நாணயத்தை இறுக மூடிய டப்பாவோடு மட்டும் வைக்கலாம்.

கட்டியும் தங்கக் காசும் வங்கி லாக்கரில். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எதற்குப் போதும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன்: தரைத்தளத்திலோ கீழ்த்தளத்திலோ லாக்கர் அறை உள்ள கிளையைத் தவிர்த்து, மாடியில் உள்ள கிளையாகத் தேடிப் பிடியுங்கள். காப்பீட்டிலும் கவனம் வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில், பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, கட்டித் தங்கமும் நாணயங்களும் சேராது. முகவர் வாய்மொழியாகச் சொல்வதை விட்டுவிட்டு, பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சீல் வைத்த அட்டையில் வந்த தங்கக் காசைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் விற்கும்போது மறுபடி உரசிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அட்டையிலுள்ள எண்ணைப் படமெடுத்து வையுங்கள்.

கடைசியாகப் பதிவேடு. ஒவ்வொன்றின் எடை, படம், வாங்கிய விலை, எங்கே இருக்கிறது என்பதோடு, ‘உருக்கக் கூடாது’ என்று ஒரு பத்தியும் வைத்திருக்கிறேன். குடும்பத்துச் சவரன்களுக்கு, அதாவது பழைய பிரிட்டிஷ் தங்க நாணயங்களுக்கு, இது முக்கியம். 7.99 கிராம், 22 காரட், எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 1918 என்று போட்டதில், அதில் பொறித்த குதிரையின் கீழே, வருஷத்துக்குச் சற்று மேலே லென்ஸ் வைத்துப் பார்த்தால் ‘ஐ’ என்ற குட்டி ஆங்கில எழுத்து இருக்கலாம். அது பம்பாயில் அச்சான சவரன். அந்த ஒரு வருஷம் மட்டும்தான் அங்கே அச்சடித்தார்கள். காசுமாலைக்கு வளையம் பற்றவைக்கத் தட்டாரிடம் கொடுப்பதற்கு முன்னால் லென்ஸ் எடுத்துப் பாருங்கள். பற்றவைத்த பிறகு சேகரிப்பாளருக்கு அது வேண்டாத பொருள், தங்க விலைதான் கிடைக்கும். பதிவேட்டின் ஒரு பிரதி மகளிடம் இருக்கிறது. லாக்கருக்கு நியமனதாரர் பெயரும் அவளுடையதுதான்.