தண்ணீர் கேட்காத தோட்டம் என்று சொல்லி 86,000 ரூபாய்: வேலூர், காட்பாடிக்காரர்கள் உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன்.

காட்பாடி பக்கம் வீடு கட்டி முன்னால் கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறோம். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான் ஓடுகிறது, எங்கள் போர் தண்ணீரோ ஒரே உப்பு. அதனால் தண்ணீர் அதிகம் கேட்காத தோட்டமாகப் போடலாம் என்று, வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் தேடினோம். நிறைய ஸ்டார் வாங்கிய ஒருவர் வந்தார்.

அவர் பேசின பேச்சு இருக்கிறதே! மண்ணை அள்ளிக் கசக்கிப் பார்த்துவிட்டு, "கொரியன் புல்லு வேணாம் சார், தெனம் தண்ணி ஊத்தியே போர் காஞ்சிடும்" என்று அவரே சொன்னார். விற்க வந்தவரே ஒன்றை வேண்டாம் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? அரளி, காகிதப்பூ, ஆவாரை, நித்தியகல்யாணி, ஓரத்தில் வெட்டிவேர், நிழலுக்கு ஒரு புங்கன், எல்லாவற்றுக்கும் சொட்டுநீர், மேலே ஈரம் காயாமல் இருக்கத் தென்னை நார் மூடாக்கு என்று நோட்டில் படமே போட்டுக் காட்டினார். என் மாமியாரிடம், "அம்மா, உங்க துளசி மாடத்த நகத்தவே மாட்டேன்" என்றார். அதோடு வீடே அவர் பக்கம். 86,000 ரூபாய். ஆப் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், அந்தக் காசுக்குச் செடியாகவே தருகிறேன் என்று மொத்தத்தையும் நேராக வாங்கிக்கொண்டார்.

நாங்கள் வேலைக்குப் போயிருந்த பகலில் எல்லாம் நடந்திருக்கிறது. மேலே நாலு விரல் செம்மண், அடியில் முழுக்கக் கட்டட ரப்பீஸ். நார் மூடாக்கு என்று சொன்ன இடத்தில் பிளாஸ்டிக் ஷீட்டும் வெள்ளைக் கூழாங்கல்லும். மழை பெய்தாலும் மண்ணுக்குள் இறங்காது, கல்லோ பகல் சூட்டை வாங்கி ராத்திரி வரை கக்குகிறது. வெட்டிவேர் இருக்க வேண்டிய ஓரத்தில் வரிசையாகக் கோனோகார்பஸ்! 2023இல் குஜராத் அரசு தடை போட்ட மரம், அப்புறம் நம் தமிழ்நாடும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, அதை என் வீட்டில் நட்டிருக்கிறார். சொட்டுநீர் டிரிப்பில் ஃபில்டரே கிடையாது, உப்பு படிந்து டிரிப்பர் எல்லாம் அடைத்துக்கொண்டது. வறட்சி தாங்கும் செடிக்கும் வேர் பிடிக்கிற வரை தண்ணீர் வேண்டும், அதுவும் பங்குனியில் நட்டால் கேட்கவே வேண்டாம். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் 86,000 ரூபாய் கருகிப் போனது.

போன் செய்தால், "அதுக்கின்னா சார், மழை வந்தா துளுத்துக்கும்." அப்புறம் "ஆளுங்க ஆம்பூர்ல வேலைல இருக்காங்க." அப்புறம் "உங்க போர் தண்ணிதான் சரியில்ல", முதல் நாளே நான் சொன்ன உப்பைத் திருப்பி என் தலையிலேயே கட்டினார். இப்போது நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆப்காரர்களைக் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். நான் போட்ட ஒரு ஸ்டார் விமர்சனமும் காணவில்லை, அவருடைய ஸ்டார் மட்டும் அப்படியே மின்னுகிறது.

வறண்ட ஊரில் எப்படித் தோட்டம் போடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசில்லை. மண் லோடு இறங்கும்போது ஒருவர் கூடவே நின்று, கடப்பாரையால் குத்திப் பாருங்கள். செடிப் பெயர்களையும் டிரிப் ஃபில்டரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கோடையில் நடாதீர்கள், ஆடி கழிந்து மழை பிடித்ததும் நடுங்கள். பாதிப் பணத்தையாவது செடி துளிர்க்கும் வரை கையில் வையுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் கிடையாது. காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் இதே நோட்டுப் படத்தைக் காட்டி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.