34 கூடைகளும் ஒரு ப்ரோக்கோலியும்

கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் உதிரிபாகக் கடைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேரேடு பார்க்கிறேன். அதனால் யாராவது ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், என்ன விலை, எத்தனை கிராம், எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். சென்ற ஏப்ரல் தொடங்கி இந்த ஜனவரி வரை பெந்தோங்கிலிருந்து வரும் ஓர் ஆர்கானிக் காய்கறிக் கூடையை வாங்கிவருகிறேன். நடுவில் விட்டுப்போன வாரங்களைக் கழித்தால் 34 கூடைகள். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, மளிகைக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.

கூடைக்காரர்களின் பெயரைப் போட மாட்டேன். ஒரு சீனத் தம்பதி. நிலம் மூன்று ஏக்கருக்கும் குறைவு, வாடிக்கை நாற்பது வீடுகள்தான். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அந்த ஆன்டி சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "பெயரைப் போட்டால் ஆள் கூடும், நிலம் கூடுமா?" நியாயமான பேச்சு. கோலாலம்பூருக்கு இதுபோல் கூடை அனுப்பும் சிறு பண்ணைகள் வேறு சிலவும் இருக்கின்றன. யாரிடம் வாங்கினாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு என் நோட்டுப் புத்தகம் உதவட்டும்.

விலை 65 வெள்ளி, அதாவது ரிங்கிட். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒரு தம்பி வேனில் கொண்டுவந்து, ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு வீட்டு முன்வாசலில் அடுக்கிவிட்டுப் போவார். நாம் போய் எடுத்துக்கொண்டு, போன வாரத்துக் காலிக் கூடையை வைத்துவிட்டு வர வேண்டும். இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்க முடியாது. நிலம் எதைக் கொடுத்ததோ அதுதான் கூடையில் வரும்.

முதல் கூடையை என் அத்தை, அதாவது மாமியார், மேசையில் கவிழ்த்துப் பார்த்தார். தண்டு சிவந்த கீரை, கங்குங் கீரை, மரவள்ளிக் கொழுந்து, வல்லாரை, பொன்னாங்கண்ணி, நாலு கத்தரிக்காய், மண் ஒட்டிய இஞ்சி, ஒரு சீப்பு ரஸ்தாளி. அத்தைக்கு எழுபத்துநான்கு வயது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பொன்னாங்கண்ணிக் கட்டைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கட்டைப் பார்த்தார்.

"லயத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் கிடக்கும் இது. இதற்கா அறுபத்தைந்து வெள்ளி கொடுத்தாய்?"

அந்தக் கேள்விக்கு இந்த ஒன்பது மாதத்தில் முழுதாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று சொல்ல முடியாது. கணக்கை மட்டும் வைக்கிறேன். ஒருமுறை கிடைத்த பத்து வெள்ளிக் கழிவு போக, 34 கூடைக்கு 2,200 வெள்ளி. மொத்த எடை 122 கிலோ. கிலோவுக்கு 18 வெள்ளி சொச்சம். இதே வகைகளைச் செந்தூல் பசாரில் கலந்து வாங்கினால் எனக்குச் சராசரியாக எட்டு வெள்ளிக்கு மேல் போகாது. இரண்டு மடங்குக்கும் அதிகம். போதாக்குறைக்கு, முதல் மாதத்தில் வாரம் முக்கால் கிலோ அழுகிப் போயிற்று. காரணம் நான்தான். ஞாயிறு ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவி, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் திணித்தேன். இப்போது கழுவுவதில்லை. மண்ணை உதறி, நாளிதழில் சுருட்டி வைக்கிறேன். வல்லாரை ஐந்து நாள் நிற்கிறது.

அப்படியானால் ஏன் இன்னும் வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். சிவப்புக் கீரைக்காக என்பேன். பசாரில் வாங்கும் கீரை அளவெடுத்ததுபோல் நீளமாக இருக்கும். தண்டைக் கிள்ளினால் நார் இழுக்கும். இந்தக் கீரை முழங்கை நீளம்கூட இல்லை, இலையெல்லாம் சல்லடை. வேருக்கு மேல் நகத்தை வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒடியும், ஒடிந்த இடத்தில் நீர் கோத்து நிற்கும். பூண்டு தட்டிப் போட்டு, ஒரு கை சின்ன வெங்காயம், வேறு தண்ணீர் வேண்டாம். மூடியைத் திறந்தால் சாறு ரோஜா நிறத்தில் இருக்கும். அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுத்தால், காய்கறி என்றாலே முகம் சுளிக்கும் என் இளையவன்கூடத் தட்டை வழித்துவிடுகிறான். 34 கூடையில் 29 முறை இந்தக் கீரை வந்திருக்கிறது. ஒரு முறைகூடச் சோடை போகவில்லை.

இஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெந்தோங் இஞ்சிக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. பருமனான கொம்புகள், அடங்காத காரம். பசாரில் இறக்குமதி இஞ்சி பளபளவென்று கழுவி இருக்கும், இது அழுக்கு மூட்டையாக வரும். ரசத்துக்கு இரண்டு அங்குலம் தட்டிப் போடும் பழக்கத்தில் முதல் வாரம் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டோம். இப்போது முக்கால் அங்குலம்.

மரவள்ளிக் கொழுந்து மட்டும் அத்தையின் இலாகா. பச்சையாக அதில் விஷத்தன்மை உண்டு; வேகும்போது சயனைடு பிரியும் ரகம். நிறைய நீரில், மூடி போடாமல் நன்றாக வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் தேங்காய்ப்பாலில் போட வேண்டும். அத்தைக்கு வேதியியல் தெரியாது, ஆனால் மூடியைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த தாயிடமிருந்து வந்த பாடம் அது. கூடைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதி வைத்தால் என்ன என்று ஆன்டியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் வைக்கவில்லை. தோட்டத்து மாமியார் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார் அல்லவா?

இந்த நாட்டில் பருவமா, வருடம் முழுக்க வெயிலும் மழையும்தானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நோட்டுப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை கூடையில் கீரை குறைந்து பழம் ஏறியது. ரம்புத்தான், மங்குஸ்தான், லங்சாட், ஒரு வாரம் வீட்டையே மணக்க வைத்த செம்படா. டுரியான் கூடையில் வராது, தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நவம்பர் பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் எல்லாம் தலைகீழ். பெந்தோங் தித்திவங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே, பகாங்கில் இருக்கிறது. அந்தப் பக்கம் மழை விடாமல் அடித்தால் இலைக்கறிகள் நிலத்திலேயே அழுகும். டிசம்பரில் கூடை முழுக்கக் கிழங்கு: மரவள்ளி, சர்க்கரைவள்ளி, இஞ்சி, அதோடு பூசணிக்காய், பப்பாளிக்காய், வாழைப்பூ. மூன்று வாரம் தொடர்ந்து வாழைப்பூ. என் கணவர் நாலாவது வாரம் கூடையைத் திறக்கும்போதே "வந்துவிட்டதா?" என்றார்.

டிசம்பரில்தான் அந்த ப்ரோக்கோலியும் வந்தது.

மழை வாரம். வேன் இரண்டு மணி நேரம் தாமதம். கூடையில் வாழைப்பூவுக்குப் பக்கத்தில் இரண்டு ப்ரோக்கோலிப் பூ, கரும்பச்சையில், ஒரு கீறல் இல்லாமல். எனக்கு இடித்தது. இவர்கள் நிலம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ப்ரோக்கோலிக்குக் குளிர் வேண்டும், கேமரன் மலை போன்ற உயரம் வேண்டும். தவிர, இவர்கள் கட்டும் கட்டெல்லாம் வாழை நாரில் இருக்கும். இதில் நீல ரப்பர் பட்டை. ஏழு மாதத்தில் ஒரு ரப்பர் பட்டையைக்கூட அந்தக் கூடையில் பார்த்தவள் அல்ல நான். கணக்கில் ஒரு ரசீது மட்டும் வேறு மையில் இருந்தால் எப்படிக் கண்ணில் குத்துமோ அப்படி.

வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் ஆன்டியே அழைத்தார். மழையில் பாத்தி போய்விட்டது, கூடை மெலிந்து போகிறதே என்று கேமரனில் தெரிந்தவரிடம் வாங்கிச் சேர்த்தோம், அவரிடம் மைகேப் சான்றிதழ் இருக்கிறது, சுத்தமான காய்தான் என்றார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மைகேப், மைஆர்கானிக் இரண்டும் விவசாய இலாகா தருபவைதான். ஆனால் ஒன்றல்ல. மைகேப் என்பது நல்ல முறையில் வேளாண்மை செய்கிறார்கள் என்பதற்கு. பூச்சிக்கொல்லியை அளவோடு, அறுவடைக்கு முன் உரிய நாள் இடைவெளி விட்டு அடிக்கலாம். மைஆர்கானிக் வேண்டுமென்றால் செயற்கை உரமும் கூடாது, செயற்கைப் பூச்சிக்கொல்லியும் கூடாது. மைகேப் காய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பசாரில் அதைத்தான் தேடி வாங்குகிறேன். ஆனால் ஆர்கானிக் விலை வாங்கிக்கொண்டு அதைக் கூடையில் போட்டால் கணக்கு உதைக்கிறது. ஆன்டியின் நிலத்துக்கு மைஆர்கானிக் சான்றிதழ் இருக்கிறது. முதல் மாதமே கேட்டுப் படம் வாங்கி வைத்திருந்தேன். அதனால்தான் கோபம் கூடுதலாக வந்தது.

அவர் மறுக்கவில்லை, மழுப்பவில்லை. அடுத்த கூடையில் பத்து வெள்ளி குறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வெளியே வாங்கிச் சேர்ப்பது இருந்தால் தனிப் பையில், எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறார். மதிப்பெண் போடச் சொன்னால் ப்ரோக்கோலிக்கு ஒன்று குறைப்பேன், அந்தச் சீட்டுக்கு அரை திருப்பிக் கொடுப்பேன்.

இனி, உலர் பொருள்கள். இதில் எனக்குச் சமாதானமே இல்லை. கூடையோடு கேழ்வரகு, தினை, கைக்குத்தல் அரிசி என்று பொட்டலங்களும் விற்கிறார்கள். ஐ.நா. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது முதல் இந்தப் பொட்டலங்களுக்கு வந்த மவுசு சொல்லி மாளாது. கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசி பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் இவர்கள் ஒரு கிலோ கேழ்வரகை 22 வெள்ளிக்குத் தருகிறார்கள். பெந்தோங்கில் கேழ்வரகா விளைகிறது? இந்தியாவிலிருந்து வந்ததை வாங்கிச் சிறிய காகிதப் பைகளில் அடைத்து, சணல் கயிறு கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் அதே ஊர்க் கேழ்வரகு ஏழு வெள்ளி. வித்தியாசம் சணல் கயிறா, இந்திய ஆர்கானிக் முத்திரையா என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்திரை எதுவும் இல்லை. கயிறுதான்.

கைக்குத்தல் அரிசியும் அப்படியே. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். என் பையில் அரைத்த தேதியே இல்லை. மூன்றாவது வாரம் வண்டும் வந்தது. அரிசிக்குச் செலவழிக்க மனம் இருந்தால், சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விளையும் பாரியோ அரிசியைத் தேடி வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியும்.

உடம்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: என் கணவருக்கு நீரிழிவு. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்த நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இருக்கிறது, நம்மவர்களில் இன்னும் அதிகம். கூடை வாங்கியதால் சர்க்கரை இறங்கியது என்று நான் எழுத மாட்டேன். அவர் மாத்திரை சாப்பிடுகிறார், நடக்கிறார், இரவுச் சோற்றைக் குறைத்தார். எது எவ்வளவு இறக்கியது என்று யார் கண்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாயை இன்னும் விடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கூடை ஒன்றைச் செய்தது. அரசாங்கக் கிளினிக் சுவரில் 'சுக்கு சுக்கு செபாரு' என்று, மலாயில் 'கால், கால், பாதி' என்று, ஒரு தட்டுப் படம் இருக்கும். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். தாதி அதைக் காட்டி விளக்கியபோது கூட வந்திருந்த அத்தை, "சுக்குதானே, வீட்டிலேயே இருக்கிறது, இடித்துக் கொடுக்கிறேன்" என்றார். சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பாதித் தட்டை நிரப்பக் காய் இருக்காது. இப்போது இருக்கிறது. ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, அழுகினால் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டும். அந்தப் பயத்திலேயே சமைத்துவிடுகிறேன்.

சில்லறைக் குறைகள்: மூன்று முறை கீரைக்குள் நத்தை, ஒன்று உயிரோடு. மழை நாளில் காராக் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால் வேன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கூடை அதிகம். பக்கத்து வீட்டோடு பங்கு போடுங்கள். கூடை மட்டும் வாங்குங்கள், பொட்டலங்களைத் தொடாதீர்கள்.

இந்த வாரத்திலிருந்து எங்கள் கூடையில் பொன்னாங்கண்ணி வராது. அக்டோபரில் அத்தை அதன் தண்டுகளைக் கிள்ளி, காலி பெயிண்ட் டின்னில் நட்டு, பதினோராவது மாடி நடைபாதையில் வைத்தார். இப்போது நாலு டின். போன சனிக்கிழமை ஆன்டியிடம் பொன்னாங்கண்ணி வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அதற்குப் பதிலாக அரைக் கிலோ இஞ்சி வைத்துவிட்டு, நடைபாதையில் வெயில் எத்தனை மணி நேரம் விழும் என்று கேட்டார்.