டென்ஸா, ஈஎம்எஸ்ஸா?

டென்ஸ் (TENS), ஈஎம்எஸ் (EMS) இரண்டும் தோல்வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சைக் கருவிகள். கடையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: சின்னப் பெட்டி, ஒயர்கள், ஒட்டும் பட்டைகள். வேலை மட்டும் வேறு.

டென்ஸ் குறிவைப்பது உணர்வு நரம்புகளை. தோலில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். தசை அசைய வேண்டியதில்லை. அந்தக் குறுகுறுப்பு தண்டுவடத்தில் வலிச் செய்தியை வழிமறிக்கிறது என்பது ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் முன்வைத்த ‘வாயில்’ (gate, கதவு) கோட்பாடு. அதை நம்பி 1967இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, நோயாளியின் தண்டுவடத்தருகே மின்முனையைப் பொருத்தினார். இந்த அறுவைக்கு யார் ஏற்றவர் என்று அறிய, முதலில் தோல்மேல் மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சோதனைக்கு வந்த கருவி சிகிச்சையாகிவிட்டது!

ஈஎம்எஸ் இயக்க நரம்புகளைத் தூண்டித் தசையைச் சுருக்குகிறது. தொடையில் ஒட்டினால் முழங்காலுக்கு மேலே சதை தானாக இறுகித் தளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளை இப்படித்தான் ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினார். (முகத்தில் உணர்ச்சி குன்றிய ஒரு முதியவர் கிடைத்தது அவர் அதிர்ஷ்டம்.)

வலிக்கென்றால் என் ஓட்டு டென்ஸுக்கு. அணைத்த சிறிது நேரத்தில் வலி திரும்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் அறுவைக்குப் பின் மெலிந்த தொடைக்கு ஈஎம்எஸ். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொடக் கூடாது.