ஈயத்தை விட்டு ஆறு வருடம்: பிவிசி மோல்டிங்கில் கால்சியம்-துத்தநாக ஸ்டெபிலைசர்

பிவிசி குழாய் ஃபிட்டிங் அடிக்கும் எங்கள் பட்டறையில் ஈய ஸ்டெபிலைசரை (சூட்டில் பிவிசி சிதையாமல் காக்கச் சேர்ப்பது) நிறுத்திவிட்டு கால்சியம்-துத்தநாக ஒன்பேக்குக்கு (ஸ்டெபிலைசரும் மசகும் ஒன்றாகக் கலந்து வருவது) மாறி ஆறு வருடம் ஆகிறது. மாறலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "மால் (பிவிசி கலவை) கருகாதா?" என்பதுதான். கருகும். எங்களுக்கும் கருகியது. எப்போது, ஏன் கருகியது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிவிசியின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். அது ஒழுங்காக உருகி அச்சுக்குள் ஓட 180, 190 டிகிரி வரை சூடு வேண்டும். ஆனால் 100 டிகிரி தாண்டியதுமே சங்கிலியின் பலவீனமான இடங்களிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்று வர ஆரம்பித்துவிடும். ஓரிடத்தில் கழன்றால் பக்கத்தில் இருப்பதும் பிடி விடும், ஜிப் திறப்பது மாதிரி. வெளியே வந்த அமிலம் மிச்சத்தையும் விரட்டும். முதலில் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கரி.

ஈயம் இந்த அமிலத்தைப் பிடித்து ஈயக் குளோரைடாக்கிவிடும். அது அதோடு சும்மா கிடக்கும், வேறு வம்புக்குப் போகாது. அதனால்தான் ஈயம் போட்ட மால் எந்த அலட்சியத்தையும் பொறுத்துக்கொள்கிறது. துத்தநாகம் அப்படியில்லை. பலவீனமான குளோரினை அது நேரடியாக மாற்றிவிடுவதால் ஆரம்ப வெண்மை அருமையாக இருக்கும். ஆனால் அப்போது உண்டாகும் துத்தநாகக் குளோரைடு, சிதைவைத் தூண்டிவிடும் பொருள். கூட இருக்கும் கால்சியம் அந்தக் குளோரினை வாங்கிக்கொண்டு துத்தநாகத்தை மறுபடி வேலைக்கு அனுப்பும். கால்சியம் தீர்ந்ததோ, மொத்தமும் ஒரே மூச்சில் கறுத்துவிடும்.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. மாறிய முதல் மாதம், மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை அப்படியே நிறுத்திவிட்டுப் போனோம். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பேரலில் (ஸ்க்ரூ சுற்றும் சூடான உருளையில்) மால் இருந்தது. ஈயக் காலத்தில் தினமும் செய்ததுதான். திரும்பி வந்ததும் மஞ்சளாக இரண்டு ஷாட் (ஒரு தடவை அச்சுக்குள் தள்ளுவது ஒரு ஷாட்) தள்ளினால் மூன்றாவது சரியாகிவிடும். அன்றைக்கு பேரல் முனையிலிருக்கும் நாசிலிலிருந்து கரித்துண்டு துப்பியது. கண்ணும் மூக்கும் எரிய, ஆபரேட்டர் பின்னால் நகர்ந்துகொண்டே, "அண்ணே, காலையில போட்ட அதே மால்தான், ஒண்ணுமே மாத்தல" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஸ்க்ரூவைக் கழற்றிச் சுத்தம் செய்ய அந்த ஷிப்ட் முழுக்கப் போனது.

மறுநாள் இரண்டு கலவையிலும் பட்டைகள் வெட்டி 190 டிகிரி சோதனை அடுப்பில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டினோம். ஈயப் பட்டைகள் படிப்படியாக டீ நிறத்துக்குப் போயின. துத்தநாகப் பட்டைகள் வெகுநேரம் வெள்ளையாகவே இருந்துவிட்டு, அடுத்த பட்டையில் நேராகக் கறுப்பு. அந்த அட்டை இன்னும் மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. நான் வகுப்பெடுத்ததைவிட அது நன்றாகவே பாடம் நடத்துகிறது.

அப்புறம் பிடித்த பழக்கங்கள் சில. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் பேரலைக் காலி செய்து, பர்ஜ் மாலை (பேரலைக் கழுவ ஓட்டும் வேறு மாலை) ஓடவிட்ட பிறகுதான் நிறுத்துவோம். (பர்ஜுக்கு அசெட்டால் என்ற பிளாஸ்டிக்கைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது. பிவிசியும் அதுவும் சூட்டில் சேர்ந்தால் பேரலே வெடிக்கும் அளவுக்கு வாயு கிளம்பும்.) ஸ்க்ரூ முனையில் செக் ரிங் (மால் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வளையம்) இல்லாத வழவழப்பான கூம்புதான் போட்டிருக்கிறோம். மால் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் முதல் கரி பிறக்கிறது. ஹீட்டர் மீட்டர் 185 காட்டினாலும், ஸ்க்ரூவை வேகமாகச் சுற்றினால் உராய்விலேயே மால் அதைத் தாண்டிவிடும். கேட் (மால் அச்சுக்குள் நுழையும் வாய்) அருகே பழுப்புக் கோடு தெரிந்தால் நாங்கள் முதலில் தொடுவது இன்ஜெக்‌ஷன் வேகத்தை, வெப்பத்தை அல்ல.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஈய ஸ்டெபிலைசரை எடுக்கும்போது அதிலிருந்த மசகும் சேர்ந்து போய்விடுகிறது. புது ஒன்பேக்கின் மசகுச் சமநிலை வேறு. மால் உலோகத்தில் ஒட்டுகிறதே என்று நாங்களாக மெழுகைக் கூட்டினோம். எல்போவில் (வளைந்த ஃபிட்டிங்கில்) மாலின் இரண்டு ஓட்டமும் சந்திக்கும் வெல்ட் கோட்டில் விரிசல் விட்டது. ஸ்டெபிலைசர்தான் மோசம் என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தோம். மெழுகைக் குறைத்ததும் சரியானது. இரண்டாவது வருடம் வேறு தயாரிப்பாளரின் ஒன்பேக்குக்குப் போனோம். அதில் அமிலத்தை உறிஞ்சும் ஹைட்ரோடால்சைட் கூடுதல், அடுப்புச் சோதனையிலும் அந்தத் திடீர்க் கறுப்பு நன்றாகத் தள்ளிப்போனது. ஸ்டெபிலைசர் வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்து வாங்காமல், அதில் துணைக்கு என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஒளி ஊடுருவும் மூடிகளுக்கு மட்டும் டின் மெர்காப்டைடு, கந்தகம் உள்ள வெள்ளீய ஸ்டெபிலைசர். கண்ணாடி மாதிரி வரும், நாற்றம்தான் தாங்காது. ஒருநாள் அந்த மூடிகளில் புகை படிந்த மாதிரி சாம்பல் கோடுகள். வெப்பத்தைக் குறைத்துப் பார்த்தோம், போகவில்லை. கிரைண்டரின் மூலையில் பழைய ஈய ஸ்க்ராப் கொஞ்சம் தங்கியிருந்தது. டின்னில் உள்ள கந்தகமும் ஈயமும் சேர்ந்தால் ஈய சல்பைடு, அது கறுப்பு. கருகலே அல்ல! ஈயம் அவ்வளவு சீக்கிரம் வீட்டைவிட்டுப் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முடிவதற்குள் ஈய ஸ்டெபிலைசரைக் கைவிட்டார்கள், ஆனாலும் பழைய ஜன்னல் சட்டங்களை அரைக்கும்போது இன்றும் ஈயம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

செலவு? கிலோ விலையும் கூடுதல், அளவும் சற்றுக் கூடுதல். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் மாறியது மிக்ஸிங் ரூமுக்காக. மோல்டு ஆன பொருளுக்குள் ஈயம் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். மூட்டையைப் பிரித்து எடை போடுகிறவர் மூச்சில்தான் தூசியாகப் போகிறது. அங்கே வேலை செய்த இருவருக்கு ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாறிய பிறகு அந்த எண் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் ரத்தத்துக்குக் கசிவது. புது மூட்டை வந்தாலும் முகமூடி, தூசி உறிஞ்சி எதையும் விலக்கவில்லை. எந்தத் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

இன்னும் தீராத குறை ஒன்று: அச்சின் காற்றுப் போக்கிகளில் வெள்ளையாக ஒரு படிவு. அது அடைத்தால் காற்று சிக்கி, கடைசியில் நிரம்பும் மூலை கருகுகிறது. ஈயக் காலத்தைவிட இது அதிகம்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை பித்தளைச் சுரண்டியால் சுரண்டுகிறோம். ஒன்பேக் கொடுப்பவரிடம் சொல்லியிருக்கிறோம், அடுத்த பேட்ச்சில் மசகை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.