பில் குறுக்கே அடிக்கிறதா? ஈரோட்டில் எனக்குச் சரிசெய்து தந்த சர்வீஸ் கடை

ஈரோட்டில் பைப், பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். கார்பன் காப்பி வேண்டும் என்பதால் இன்னும் ஊசியால் தட்டி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். பேப்பர் 10 அங்குல அகலம், 12 அங்குல நீளம், இரண்டு ஓரமும் ஓட்டை, நடுவில் கிழிக்கும் கோடு, ஆக ஒரு பில் 10க்கு 6. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து எச்எஸ்என் (பொருளின் வகை எண்), சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று கட்டங்கள் கூடிய பிறகு இந்த அகலம் இல்லாமல் முடியாது.

போன மாதம் கம்ப்யூட்டரை மாற்றினோம், அன்றைக்கே தொல்லை ஆரம்பித்தது. பேப்பர் அகலமாக இருக்கிறதே என்று லேண்ட்ஸ்கேப் (தாளைப் படுக்கைவாட்டில் வைத்து அடிக்கும் செட்டிங்) வைத்தால் எழுத்தெல்லாம் படுத்துக்கொண்டு வருகிறது, தொகை இருக்கும் பக்கம் வெட்டுப்படுகிறது. போர்ட்ரெய்ட் (நிமிர்ந்தவாட்டில் அடிக்கும் செட்டிங்) வைத்தால் எழுத்து நேராக வருகிறது, ஆனால் ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் அரைத்தாள் வெறுமனே வெளியே ஓடுகிறது, அதோடு அடுத்த பில் கொஞ்சம் மேலே ஏறித் தொடங்குகிறது, பத்தாவது பில்லுக்குள் எல்லாம் இடம் மாறிக் கிழிக்கும் கோட்டின் மேலேயே எழுத்து விழுகிறது. சாஃப்ட்வேர்காரர்கள் பிரிண்டர் கோளாறு என்றார்கள், பிரிண்டர் மெக்கானிக் எழுத்தை அடிக்கும் ஹெட்டை மாற்றச் சொன்னார். இரண்டு வாரம் கையால் பில் எழுதினோம்.

அப்புறம்தான் பக்கத்துக் கடைக்காரர் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கும் சின்ன சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்து வந்த தம்பி பிரிண்டரைத் திறக்கவே இல்லை. "அண்ணா, ஒரு ஸ்கேல் இருக்குங்களா?" என்று கேட்டு வாங்கி, பேப்பரை அளந்தார். பிறகு ஒரு பில்லைக் கிழித்துக் காட்டி, "அகலமா இருந்தா லேண்ட்ஸ்கேப்னு நினைக்கிறோம், பிரிண்டருக்கு அப்படி இல்லைங்ண்ணா, எந்த ஓரம் முதல்ல உள்ளே போகுதோ அதுதான் அதுக்கு அகலம்" என்றார். எங்கள் பேப்பரில் முதலில் போவது 10 அங்குல ஓரம். அதனால் பார்க்க அகலமாக இருந்தாலும் பிரிண்டர் கணக்கில் இது போர்ட்ரெய்ட்தான், லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் தேவையில்லாமல் 90 டிகிரி திருப்பிவிடுகிறது. பில் மேலே ஏறியதற்கும் காரணம் அளவுதான். புது கம்ப்யூட்டரில் ஏ4 தாள் அளவு இருந்தது, அதன் நீளம் 297 மில்லிமீட்டர், நம் தாள் 12 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 305. ஒவ்வொரு பில்லுக்கும் 8 மில்லிமீட்டர் குறைவாக நகர்ந்தால் பத்து பில்லில் 8 சென்டிமீட்டர்.

செய்த வேலை கால் மணி நேரம். விண்டோஸில் பிரிண்டர்கள் இருக்கும் இடத்தில் பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ் என்று ஒன்று உண்டு, அதில் ஃபார்ம்ஸ் பகுதியில் புது அளவு உருவாக்கினார்: அகலம் 25.4 சென்டிமீட்டர், உயரம் 15.24. அட்மின் லாகின் இல்லாமல் சேமிக்க முடியாது என்பதையும் சொன்னார். பிறகு பிரிண்டர் செட்டிங்கில் அந்த அளவைத் தேர்ந்தெடுத்து, பில்லிங் சாஃப்ட்வேரிலும் அதே பெயரை வைத்து, இரண்டிலும் போர்ட்ரெய்ட் போட்டார். முப்பது பில் தொடர்ந்து அடித்துப் பார்த்தோம், முப்பதிலும் கடைப் பெயர் ஒரே இடத்தில் நின்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குடோனில் உள்ள லேசர் பிரிண்டரையும் கேட்டேன், கூடக் காசு வாங்காமல் பார்த்தார். அதில் ஏ5 தாள், 148க்கு 210 மில்லிமீட்டர், 148 மில்லிமீட்டர் ஓரம் முதலில் போகிறது, பில்லோ அகலவாட்டில், அதனால் அங்கே லேண்ட்ஸ்கேப்தான் சரி. யாரோ 210க்கு 148 என்று தனி அளவு உருவாக்கி, அதன் மேல் லேண்ட்ஸ்கேப்பும் வைத்திருந்தார்கள், இரண்டு முறை திரும்பிப் பாதி பில் காணாமல் போனது. ஒரே பில், இரண்டு பிரிண்டர், இரண்டு செட்டிங்.

கூலி 400 ரூபாய். புது ஹெட்டுக்கு ஆகியிருக்கும் தொகையை நினைத்தால் மனதாரக் கொடுத்தேன். குறை என்றால், இன்றைக்கு வருகிறேன் என்று சொல்லி மறுநாள் மாலைதான் வந்தார், போனும் எடுக்கவில்லை. செய்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். போன வாரம் பிரிண்டர் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) மறுபடி போட்டதும் பிரிண்டர் திரும்ப ஏ4க்குப் போய்விட்டது, நல்ல வேளையாக உருவாக்கிய அளவு பட்டியலில் அப்படியே இருந்ததால் நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போது 10 x 6, போர்ட்ரெய்ட் என்று பிரிண்டர் மூடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.