கிருஷ்ணகிரியில் வாங்கிய மவுத் ஆர்கன்

மவுத் ஆர்கன் கலைஞர் பால் பட்டர்ஃபீல்டு 1960-களில் சிகாகோவில் நடத்திய மின்னிசை புளூஸ் (அமெரிக்கக் கறுப்பரிடையே பிறந்த இசை வகை) குழுவை விரும்பிக் கேட்பவர்களுக்கு, கிருஷ்ணகிரி இசைக்கருவிக் கடையொன்றில் நான் வாங்கிய பத்துத் துளை மவுத் ஆர்கனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சி சுருதிக் கருவியை ஜி சுருதியில், பெரும்பாலும் மூச்சை உள்ளிழுத்து வாசிப்பது புளூஸ் கலைஞர்களின் வழக்கம். அதற்கு அவசியமான இரண்டாம், மூன்றாம் துளைகளின் சுரங்கள் இதில் எளிதாக வளைகின்றன, அதாவது மூச்சாலேயே சுருதி இறங்குகின்றன. மைக்கையும் கருவியையும் உள்ளங்கைகளுக்குள் சேர்த்துப் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியே வாசிக்கும்போது, சிகாகோ மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் நிலைநிறுத்தி, பட்டர்ஃபீல்டு 1965-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடைக்குக் கொண்டுசென்ற அந்தக் கனத்த, கரகரத்த நாதத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. புளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃபிடம் வாசித்த ஜெரோம் அர்னால்டும் சாம் லேயும் இணைந்த பட்டர்ஃபீல்டு குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்தது அன்று அரிது. மேல் துளைகள் சற்றுக் கூச்சலாக ஒலிப்பதே குறை. கடைக்காரர் ஒவ்வொரு துளையையும் சோதித்துக் காட்டிய பிறகே விற்கிறார். கேட்டால் ஏ, டி சுருதிகளையும் வரவழைத்துத் தருகிறார்.